ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க

நாற்காலி இன்னும் வரவில்லை.
நிவாஷினி தரையில் சம்மணமிட்டு
மடியில் டேப்லெட்டை வைத்துப் படம் படமாகத் தள்ளினாள்.
இது ஸ்காண்டிநேவியன், சார்.
வெள்ளைச் சுவர், வெளிர் மரம்.
வெயிலுக்கு ஏங்குகிற நாட்டுக்காரர்கள்
கிடைத்த வெளிச்சத்தைப் பெருக்கிக்கொள்ள ஏற்பட்டதாம்.
எஸ்தர் மேற்கு ஜன்னலைப் பார்த்தாள்.
மணி நாலு. கொளப்பாக்கத்து வெயில்
கூடத்து டைல்ஸில் பாதியைத் தின்று முடித்திருந்தது.
அடுத்தது, என்றாள்.

இது இண்டஸ்ட்ரியல்.
பூசாத செங்கல், தொங்குகிற ஒயர், வெளியே ஓடும் பைப்.
வில்லிவாக்கத்தில் நாலு வருஷம்
இதற்குள்தானே குடியிருந்தோம்,
இதற்கா சதுர அடிக்கு ஆயிரத்து நானூறு?
அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

இது மினிமல்.
கண்ணில் படுகிற மாதிரி எதுவுமே
என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போது
விமானம் இறங்கியது.
மூன்று பேரும் வாயை மூடிக் காத்திருந்தோம்.
வெளியே நீட்டிய சக்கரம் வரை தெரிந்தது.

உங்களுக்குன்னு ஒரு ஸ்டைல் இருக்குமே, சார்?

இருந்தது. சொல்லத்தான் கூச்சம்.
பதினாறு வருஷம், ஐந்து வாடகை வீடு,
ஐந்து வீட்டுக்காரர்கள்,
அட்வான்ஸை எண்ணி முடித்ததும் அதே வாக்கியம்:
ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க.

அயனாவரத்தில் கடிகாரம்
ஃபிரிட்ஜ் மேல் சாய்ந்து நின்றது.
பால் எடுக்கும்போதெல்லாம் நேரம் ஆடியது.
கொளத்தூரில் காலண்டருக்கு
மீட்டர் பெட்டியின் திருகாணி வாய்த்தது.
ஃபியூஸ் போனால்
மாதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும்.
எஸ்தர் ஒட்டுகிற கொக்கி வாங்கினாள்.
நள்ளிரவில் குடையோடு விழும்.
யாரோ வந்துவிட்டதாக எழுந்து உட்காருவோம்.
முகம் பார்க்கும் கண்ணாடி எல்லா வீட்டிலும்
ஜன்னல் கட்டையில்தான்.
குனிந்தே சவரம் செய்தேன்.
இப்போது சலூன் நாற்காலியில்கூட
கத்தி கன்னத்துக்கு வந்தால்
முதுகு தானாக வளைகிறது.
தம்பி, நேரா உக்காருங்க என்பார் கடைக்காரர்.

இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள்
என்று அவளிடம் கேட்கவில்லை.
யோசித்துச் சொல்கிறோம், என்றேன்.

அவள் ஸ்கூட்டர் கேட்டைத் தாண்டியதும்
எஸ்தர் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்தாள்.
இரண்டு அங்குல ஆணி, இருபது ரூபாய்க்கு.
வாட்ச்மேன் பிஸ்வாவிடம் சுத்தியலும் வாங்கி வைத்திருக்கிறாள்.
எங்கே அடிக்க?
எங்கேயாவது.
எதை மாட்ட?
முதல்ல அடி.

முதல் ஆணி வளைந்தது.
இரண்டாவது தெறித்து சமையலறைக்குள் ஓடியது.
மூன்றாவதில் சின்னதாக ஒரு தீப்பொறி.
சத்தம் கேட்டு வந்த பிஸ்வா
கதவோரம் நின்று, பழகின தமிழில் சொன்னான்:
சார், இதுல செங்கல் இல்ல. முழுக்க காங்கிரீட்.
பலகை கட்டி ஊத்தினது. ஆணி போகாது. டிரில் வேணும்.

இருபது வருஷக் கடன்.
வேண்டாம் என்று சொல்ல ஆளில்லாத சுவர்,
அதுவாகவே சொல்கிறது.
எஸ்தர் தரையில் சரிந்து உட்கார்ந்து
கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.
நானும்தான். கொஞ்சம் பிந்தி.

சுவரில் பாசிப்பயறு அளவு ஒரு பள்ளம்.
மூணாவது மாடிக்காரர் மணியடித்து
என்ன வேலை நடக்குது என்று கேட்டுவிட்டுப் போனார்.

ராத்திரி ஒன்பது மணிக்கு நிவாஷினியின் செய்தி.
ஸ்டைல் அப்புறம் பார்த்துக்கலாம் சார்,
டிரில் பண்ற ஆள் நாளைக்கு அந்தப் பக்கம் வர்றார்,
வாஷ்பேசின் கண்ணாடி மட்டும்
எந்த உயரம்னு குறிச்சு வைங்க.

எஸ்தர் என்னைச் சுவரோடு நிறுத்தினாள்.
பென்சிலை என் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்தவள்
கோடு போடாமல் பார்த்தாள்.
நிமிர்ந்து நில்லு.
நிமிர்ந்துதான் நிற்கிறேன்.
இன்னும் கொஞ்சம், என்றாள்.